அறிவியல் அவையில் ஓர் இருக்கை

பெண்கல்வியின் பெருமையைப் பேசாத மேடை இன்று நம்மிடையே இல்லை. குளுவாங் வட்டாரத்தில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றாலும் அதனைக் கேட்கலாம். கண்ணாரக் காணவும் செய்யலாம். பரிசு பெற மேடையேறும் சிறாரில் பெண்பிள்ளைகள் எவ்வகையிலும் குறைந்தவர்களாய் இருப்பதில்லை. லம்பாக் மலையைச் சூழ்ந்த தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்த பாட்டியரின் பேத்தியர் அவர்கள். பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்த அதே மண்ணில், பால்வெட்டும் கத்தி பிடித்த கையின் வழித்தோன்றல்கள் எழுதுகோல் பிடித்தனர். இம்மாற்றத்தை எண்ணி நாம் பெருமிதம் கொள்வது முறையே.

ஆயினும் அம்மேடைகளில் எவரும் எழுப்பாத வினா ஒன்று உண்டு. பட்டம் பெற்ற பின்னர் அப்பேத்தியர் எங்கே சென்றனர்?

இதனை எழுதுவோன் ஆறாம் படிவம் பயின்ற காலத்தில், இயற்பியலில் எங்கள் அனைவரையும் விஞ்சிய மாணவி ஒருவர் இருந்தார். நாங்கள் விடையைத் தேடிக்கொண்டிருக்கையில் அவர் விடையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பல்கலைக்கழகம் சென்றார், முதுகலைப் பட்டமும் பெற்றார். அதன் பின்னர் அறிவியல் உலகில் அவர் பெயர் கேட்கப்படவில்லை. இன்று தம் இல்லத்திலேயே அண்டை அயலார் பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு நடத்துகிறார். "திருமணமாயிற்று, குடும்பமாயிற்று, வேறென்ன?" என்று நாங்களே காரணம் கூறி, நாங்களே அமைதியும் அடைந்தோம். அக்காரணம் மெய்தானா என்று அவரை நாங்கள் கேட்டதில்லை.

இவ்வினாவை நாடளாவிய நிலையில் எழுப்பி, விடை காணும்வரை ஓயாது உழைத்த பெண்மணி ஒருவர் அண்மைக்காலம் வரை நம்மிடையே வாழ்ந்தார். அவரே கோட்பாட்டு இயற்பியல் அறிஞர் ரோகிணி கோட்போலே. மராத்திய நாட்டில் பிறந்தவரேயாயினும், அவர் வாழ்வு கூறும் செய்தி நம் குளுவாங் குடும்பங்களுக்கும் உரியது.

பிறப்பும் இளமையும்

ரோகிணி கோட்போலே 1952-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பூனா நகரில் பிறந்தார். செல்வக் குடும்பமன்று, கல்வியைச் செல்வமாய்க் கருதிய நடுத்தரக் குடும்பம். அந்நகரின் புகழ்பெற்ற மகளிர் பள்ளியாகிய ஹுஸூர்பாகாவில் அவர் பயின்றார். பெண்கல்விக்கென எழுந்த அப்பள்ளியிலும் அக்காலத்தில் ஒரு குறை இருந்தது. ஏழாம் வகுப்புவரை பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது மனையியலேயன்றி அறிவியலன்று. பெண்ணுக்குக் கல்வி வேண்டும். ஆனால் அக்கல்வி அடுக்களையை விட்டு அகலவேண்டியதில்லை என்பது அன்றைய எண்ணம்.

அரசு உதவித்தொகைத் தேர்விலோ அறிவியல் வினாக்கள் இருந்தன. சிறுமி ரோகிணி அப்பாடத்தைத் தாமே முயன்று கற்றுத் தேர்வெழுதி வென்றார். அப்பள்ளியிலிருந்து அவ்வுதவித்தொகையைப் பெற்ற முதல் மாணவி அவரே. பிற்காலத்தில் பல நாட்டு அவைகளில் அவர் எழுப்பிய குரலின் தொடக்கத்தை இச்சிறு நிகழ்ச்சியிலேயே காணலாம். அவருக்கு அறிவு இருந்தது, ஆர்வமும் இருந்தது, பாடம்தான் கற்பிக்கப்படவில்லை. குறை பிள்ளையிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது.

பின்னர்ப் பூனாவில் இளங்கலைப் படிப்பையும், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1974-இல் முதுகலைப் படிப்பையும் முடித்தார். அமெரிக்கா சென்று, ஸ்டோனி புரூக் நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1979-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டிலேயே தங்கிவிடாது தாயகம் திரும்பினார். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூன்றாண்டு காலம் ஆய்வு செய்தபின், 1982 முதல் 1995 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்தார். 1995-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. வாழ்நாள் இறுதிவரை அவர் பெயர் அக்கழகத்தோடு இணைந்திருந்தது.

கரும்பலகையில் பிறந்த கண்டுபிடிப்பு

கோட்பாட்டு இயற்பியல் என்பது யாது? ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் கொண்டு இயற்கையை அளப்போர் ஒருசாரார். அவர்கள் அளந்தவற்றிற்குக் காரணம் காட்டி, இனி அளக்கவேண்டியவற்றை முன்னதாகவே கணித்துரைப்போர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் வகையினரின் கருவிகள் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் காகிதமும் கணிதமுமே. கோட்போலே அம்மையார் அணுவினுள் அமைந்த நுண்துகள்களின் இயல்பை ஆராய்ந்தார்.

அத்துகள்களை அறிய, அவற்றைப் பெருவேகத்தில் செலுத்தி ஒன்றோடொன்று மோதவிடுகின்றனர். எலெக்ட்ரான் கற்றையையும், அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரான் கற்றையையும் நேர்க்கோட்டில் எதிரெதிரே செலுத்தி மோதவிடும் மாபெரும் பொறிகளை அமைக்க அறிஞர்கள் திட்டமிட்டுக்கொண்டிருந்தனர். மோதல்கள் மிகவேண்டுமாயின் கற்றைகள் நெருக்கமாய் அமைதல் வேண்டும். அங்கே ஓர் இடர் ஒளிந்திருப்பதை 1991-ஆம் ஆண்டளவில் கோட்போலே அம்மையாரும் ஜெர்மானிய அறிஞர் மானுவேல் திரீஸும் எடுத்துக்காட்டினர்.

நெருங்கிய கற்றைகள் ஒன்றையொன்று அணுகும்போது, ஒன்றன் மின்காந்த விசை மற்றொன்றன் துகள்களை வளைக்கிறது. வளையும் துகள்கள் ஒளியை உமிழ்கின்றன. அவ்வொளித்துகள் எளிய பொருளன்று. உயர்ந்த ஆற்றல் நிலையில் அது கணப்பொழுது குவார்க்குகளாய்ப் பிரிந்து, புரோட்டானைப் போன்றே நடந்துகொள்ளும். அத்தகைய ஒளித்துகள்கள் இரண்டு மோதுமாயின் வேண்டாத துகள்கள் சிதறிப் பரவும். காணவிரும்பிய நிகழ்ச்சி அவற்றினிடையே மறைந்துபோகும். சந்தை நாளின் இரைச்சலில் நம்மை அழைக்கும் ஒரு குரலைப் பிரித்தறிவது எத்துணைக் கடினமோ, அத்தகையது இவ்விடர். பொறியை வடிவமைப்போர் அதன் பின்னர் இவ்விளைவையும் கணக்கில் கொள்ளவேண்டியதாயிற்று. துகளியல் அறிஞர் இதனைத் திரீஸ்–கோட்போலே விளைவு என இருவர் பெயராலும் வழங்குகின்றனர்.

பொறி எழுமுன்னரே அதன் குறையைக் காகிதத்தில் கண்டது அறிவின் வெற்றி. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வு நிலையம் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4-ஆம் நாள் அறிவித்தது. அத்துகளின் பண்புகளை எவ்வாறு அறிவது என ஆராய்ந்தவர்களுள்ளும் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். மானுவேல் திரீஸுடனும் புரோபீர் ராயுடனும் இணைந்து 2004-இல் அவர் வெளியிட்ட பெருநூல், மீச்சமச்சீர்மைக் கோட்பாட்டைப் பயில்வோருக்கு வழிகாட்டும் பாடநூலாகும். இந்தியாவின் மூன்று அறிவியல் பேரவைகளும் அவரை உறுப்பினராக ஏற்றன. இந்திய அரசு 2019-இல் பத்மஸ்ரீ விருதும், பிரெஞ்சு அரசு 2021-இல் தேசியத் தகுதி விருதும் வழங்கிச் சிறப்பித்தன.

ஒரு வாயிலின் வரலாறு

கோட்போலே அம்மையார் 1995-இல் நுழைந்த இந்திய அறிவியல் கழகத்தின் வாயிலுக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அதனை நாம் மறைத்தல் ஆகாது.

1933-ஆம் ஆண்டு கமலா பகவத் என்னும் பெண்மணி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த மதிப்பெண்களோடு பட்டம் பெற்று, ஆய்வு மாணவியாக அக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநர், நோபெல் பரிசு பெற்றுத் தமிழ் மண்ணுக்குப் புகழ் சேர்த்த சர் சி. வி. இராமன். பெண் என்னும் ஒரே காரணத்தால் இராமன் அவரை ஏற்க மறுத்தார். கமலா பணியவில்லை, காரணம் கேட்டு நின்றார். இறுதியில் ஓராண்டு சோதனைக் காலம் என்னும் நிபந்தனையோடு இடம் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். திருமணத்திற்குப்பின் கமலா சோஹோனி என வழங்கப்பெற்ற உயிர்வேதியியல் அறிஞர் அவரே. அவருக்குப் பிறகு இராமன் தம் முடிவைத் தளர்த்திப் பிற பெண்களுக்கும் இடமளித்தார்.

அவ்வாறு இராமனின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றவர்களுள் அன்னா மாணி ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். வைரம், மாணிக்கம் ஆகிய கற்களின் ஒளியியல்பை ஆராய்ந்தவர். 1945-இல் அவர் அளித்த ஆய்வேட்டிற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கவில்லை. முதுகலைப் பட்டம் இல்லை என்பது கூறப்பட்ட காரணம். கதவு திறக்கப்பட்டது, உள்ளே அமர இருக்கை இடப்படவில்லை. அன்னா மாணி மனம் தளராது வானிலை ஆய்வுத் துறையில் புகழ் பெற்றார் என்பது வேறு செய்தி.

மாமேதையின் புகழைக் குறைப்பதற்காக இவற்றைக் கூறினோமில்லை. பேரறிவு படைத்தோரிடத்தும் அக்காலத்து வழக்கம் எத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டவே கூறினோம்.

லீலாவதியின் மகள்கள்

கணித மேதை பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டில் இயற்றிய கணித நூலுக்கு லீலாவதி என்று பெயர். லீலாவதி அவர்தம் மகள் என்று செவிவழிக் கதை கூறும். மகளின் திருமணத்திற்குக் குறித்த நல்வேளையை அறிய நீர்க்கடிகாரம் வைத்தனராம். ஆவலோடு குனிந்து நோக்கிய பெண்ணின் அணியிலிருந்து முத்தொன்று விழுந்து நீர்த்துளையை அடைத்ததாம். வேளை தவறித் திருமணம் நின்றதாம். கலங்கிய மகளைத் தேற்றத் தந்தை அவள் பெயரால் நூல் செய்தாராம்.

கதை அழகியதே. ஆயினும் அதனுள் ஒளிந்த கருத்தை நோக்குவோம். மணம் கைகூடாத பெண்ணுக்குக் கணிதம் ஆறுதற்பொருளாயிற்று. மணம் கைகூடியிருப்பின் கணிதம் அவளுக்கு வேண்டாததாகியிருக்குமோ?

2008-ஆம் ஆண்டு கோட்போலே அம்மையாரும் அறிவியலறிஞர் ராம் ராமசாமியும் தொகுத்த நூலுக்கு 'லீலாவதியின் மகள்கள்' என்று பெயர் சூட்டினர். இந்தியப் பெண் அறிவியலாளர் ஏறத்தாழ நூற்றுவரின் வாழ்க்கை அதில் இடம்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் பயின்ற ஆனந்திபாய் ஜோஷி முதல் தற்காலத்தார் வரை பலரைப் பற்றி அதில் படிக்கலாம். வாழ்வோர் பலர் தம் வரலாற்றைத் தாமே எழுதினர். எந்த ஆசிரியர் ஊக்கினார், எந்தப் படியில் தடுக்கினர், எவ்வாறு எழுந்தனர் என்பவற்றை அவர்கள் மறையாது கூறினர். அறிவியலைத் தம் வாழ்வாக்கிக்கொள்ள விரும்பும் இளம்பெண்களுக்கென மற்றொரு நூலும் 2011-இல் வெளிவந்தது.

'லீலாவதியின் மகள்கள்' நூலில் இடம்பெற்ற விஜயலட்சுமி நம் தமிழகத்துப் பெண். திருச்சிராப்பள்ளி சீதாலட்சுமி இராமசாமி கல்லூரியில் பயின்று, 1974-இல் சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையில் ஆய்வு மாணவியானார். புற்றுநோய் அவரைப் பற்றியது. சக்கர நாற்காலியில் இருந்தவாறே ஆராய்ந்தார், 1982-இல் முனைவர் பட்டம் பெற்றார், ஆய்வு மாணவர் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார், 1985-இல் மறைந்தார். அத்தொகுப்பு வெளிவந்திராவிடில் தமிழராகிய நம்மிலும் எத்தனை பேர் அவர் பெயரை அறிந்திருப்போம்? வரலாறு எழுதப்படாதவர் வாழாதவராகவே எண்ணப்படுகிறார். முன் சென்றவரின் அடிச்சுவடு தெரியுமாயின் பின் வருபவர்க்குப் பாதை தெரியும் என்பதே தொகுத்தோரின் எண்ணம்.

காரணம் குடும்பமா?

முன்மாதிரிகளைக் காட்டுவதோடு அம்மையார் நிறைவடைந்திருப்பின் அவரும் மேடைப் பேச்சாளருள் ஒருவராக நின்றிருப்பார். இந்திய அறிவியல் அகாதெமியின் 'அறிவியலில் மகளிர்' குழுவிற்குத் தலைமை தாங்கிய அவர், இயற்பியலாளருக்கே உரிய முறையில் அளந்தறிய முற்பட்டார். பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிதா குருப் முதலானோருடன் இணைந்து, 2010-இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டார். பயிற்சி பெற்ற பெண் அறிவியலாளரை நாடு எவ்வளவு இழக்கிறது, ஏன் இழக்கிறது என்பதே அவ்வறிக்கையின் பொருள். ஆராய்ச்சியில் நிலைத்தவர், விலகியவர் ஆகிய பெண்களோடு ஆண்களையும் வினவி, விடைகளை ஒப்பிட்டனர்.

ஊர் சொல்லும் காரணம் வேறாகவும் உற்றவர் சொல்லும் காரணம் வேறாகவும் இருந்தன. பெண்கள் ஆராய்ச்சியை விடுவதற்குக் குடும்பமும் குழந்தையுமே காரணம் என்பது பொதுவான எண்ணம். விலகிய பெண்களோ, தகுதிக்கேற்ற பணி கிடைக்காமையே பெருங்காரணம் என்று கூறினர். ஆராய்ச்சியில் நிலைத்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் மணமானவரே. ஆயினும் மணம் செய்யாதிருந்தோர் பெண்களில் நூற்றுக்கு 14 பேர். ஆண்களிலோ நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. அறிவியலுக்காக விலை கொடுத்தவர் யார் என்பதை இக்கணக்கு ஒருவாறு உணர்த்தும்.

இதனை அறிந்த பின்னர்த்தான் நாம் முன்னே குறிப்பிட்ட பள்ளித் தோழியாரிடம் சென்று, கேளாத வினாவைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நான் எத்தனை இடங்களுக்கு எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியுமா? இரண்டாண்டுக் காலம் எழுதினேன். ஒரேயோர் இடத்தில் அழைத்தார்கள். எப்போது திருமணம் என்று கேட்டார்கள். ஆய்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருமணம் அதற்குப் பிறகுதான் நடந்தது" என்றார். குரலில் சினம் இல்லை. நாங்கள் காரணமென்று கூறியது உண்மையில் விளைவாக இருந்தது. அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்த இரண்டாண்டுகளில் ஒரு முறையேனும் நாங்கள் விசாரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி நாணினோம்.

கோட்போலே அம்மையார் பெண்களுக்குச் சலுகை வேண்டினாரில்லை. பெண்ணுக்கென அறிவியலின் தரத்தைத் தாழ்த்தல் வேண்டும் என்றும் அவர் கூறினாரில்லை. தேர்வுமுறை ஒளிவுமறைவின்றி நடைபெற வேண்டும். தேர்வுக் குழுவில் பெண்களும் அமர வேண்டும். பணியிடத்தில் குழந்தைக் காப்பகமும் வளாகத்தில் குடியிருப்பும் அமைய வேண்டும். வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்பனவே அவ்வறிக்கை வழியாக முன்வைக்கப்பட்டவை. ஒரு பெண்ணைப் பள்ளி முதல் முனைவர் பட்டம் வரை பயிற்றுவிக்க நாடு செலவிட்ட பொருளும் காலமும் பயனற்றுப் போதல் நாட்டிற்கே நட்டம் என்று அவர் எடுத்துரைத்தார். பேராசிரியர் பதவியில் அமர்ந்துவிட்ட ஒருவர், தாம் கடந்துவந்த படிகளை மறந்துவிடுவதே உலகியல்பு. ஆய்வில் முதன்மை நிலையில் இருந்துகொண்டே, தம் நேரத்தில் ஒரு பங்கை இப்பணிக்கென அவர் ஒதுக்கினார்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள், பிறந்த ஊராகிய பூனாவிலேயே அம்மையார் மறைந்தார். 72-ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன.

நிறைவுரை

இவ்வரலாறு நமக்கு அயலார் கதையன்று. சிரம்பானில் பிறந்த மஸ்லான் ஒஸ்மான் அம்மையார், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாக 1981-இல் திகழ்ந்தார். பின்னர் ஐக்கிய நாடுகளின் விண்வெளி அலுவலகத்திற்கே தலைமை தாங்கினார். மலேசிய மண்ணில் பிறந்த பெண்ணுக்கு விண்ணும் எட்டும் என்பதற்கு அவரே சான்று. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் அறிவியல் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கங்கள் பெற்று வருகின்றனர். பதக்கம் அணிந்த சிறுமியின் படத்தை நாம் நாளேட்டில் கண்டு மகிழ்கிறோம். அத்தோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம்.

கோட்போலே அம்மையார் வாழ்வு உணர்த்துவது, கடமை அங்கே முடிவதில்லை என்பதே. பள்ளியில் சேர்ப்பது முதற்படி. பட்டம் பெறச் செய்வது இரண்டாம் படி. பட்டம் பெற்றவள் தன் துறையில் நிலைத்து நிற்க உதவுவது மூன்றாம் படி. மூன்றாம் படியில்தான் நாம் பெண்பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறோம். விண்ணப்பம் எழுதும் மகளுக்கு, "இன்னும் எத்தனை நாள் பார்ப்பாய்?" என்று சலித்துக் கூறாத தந்தை வேண்டும். ஆய்வு நடத்தும் மருமகளின் குழந்தையை ஓரிரு மணி நேரம் மடியில் ஏந்தும் மாமியார் வேண்டும். நேர்காணலுக்கு வந்த பெண்ணிடம் திருமண நாளைக் கேளாது ஆய்வின் முடிவைக் கேட்கும் அதிகாரி வேண்டும். இவை எவையும் பெரும்பொருள் செலவிட்டுப் பெறவேண்டியவை அல்ல.

நம் சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் ஒன்று கூறி முடிப்போம். பரிசு வழங்கிய மாணவியரின் பெயர்களை ஏட்டில் எழுதி வைக்கிறோம். பத்தாண்டு கழித்து அவ்வேட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இன்று எங்கிருக்கிறார், என்ன செய்கிறார் என்று விசாரித்து எழுதுவோமாக. விடை கிடைக்காத பெயர்கள் எத்தனை என்பதைக் கூட்டிப் பார்ப்போமாக. நாம் இழந்தது எவ்வளவு என்பது அப்போது விளங்கும். ஏன் இழந்தோம் என்பதை அப்பெண்களே கூறுவர். கேட்பதற்கு நாம் செல்ல வேண்டும்.